குணாளன் கிராணியும் முப்பதாவது வரியும்

எங்கள் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் குணாளன் கிராணியைப் போல ஒரு நிதானக்காரரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் உங்களுக்கும் இரத்தக் கொதிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். பத்தொன்பது வருஷம் அவருக்கு எதிர் மேசையில் குப்பை கொட்டியவள் நான். என் பெயர் பெட்டி. தேயிலைத் தொழிற்சாலை வாசலில் கொழுந்து நிறுக்கும் கிளார்க்காக இருந்தேன். என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் தராசு. நிமிர்ந்து பார்த்தால் குணாளன். கோபக்காரி என்று எஸ்டேட் முழுக்க எனக்குப் பெயர். இருக்கட்டும். அவர் எதிரில் உட்கார்ந்தால் அந்தோணியாருக்கே கோபம் வரும்.

அவர் இந்தக் கேமரன் மலையில் பிறந்தவர். அப்பா கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றியவர். தானா ராத்தாவில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, பழைய பெரிய கிராணி ராமசாமியிடம் பெரட்டுப் புத்தகம் எழுத வந்து சேர்ந்தார். பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் எடுப்பது. பேர் என்று சொல்கிறோமே தவிர, எடுப்பது நம்பர்தான். எங்கள் மலையில் பேரைவிட நம்பர்தான் பெரிது. நம்பருக்குத்தான் வேலை, நம்பருக்குத்தான் கம்பெனி கொடுக்கும் லைன் வீடு. மாமியார் அறுபது வயதில் நின்றால் அதே நம்பரில் மருமகள் வருவாள், அம்மா நின்றால் மகள். வீடும் அப்படியே கைமாறும். யாரும் இதை எழுதி வைக்கவில்லை. எல்லோரும் இப்படித்தான் வாழ்ந்தோம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஈப்போவில் மூன்று நாள் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். ராமசாமி கிராணிக்குக் கண் தெரியாது, எனக்கு வாய் அடங்காது என்று குணாளனை அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்றிலிருந்து அவர்தான் எங்கள் எஸ்டேட்டின் சிஸ்டம். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவர், கரண்ட் போனாலும் அவர்.

கம்பெனிக்கு ஐந்து எஸ்டேட், தலைமை ஆபீஸ் கோலாலம்பூரில், எங்கள் வாயில் கேஎல். ஐந்துக்கும் ஒரே சாஃப்ட்வேர்தான். ஆனால் மலையில் இண்டர்நெட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்பதால் ஒவ்வொரு எஸ்டேட்டிலும் அது தனித்தனியாக ஓடும். கோலாலம்பூரில் எதையாவது மாற்றினால் அந்த மாற்றங்கள் ஒரு பட்டியலாக வந்து எங்கள் கம்ப்யூட்டரில் காத்திருக்கும். இங்கே ஒருவர் அதை இறக்க வேண்டும். பட்டியலுக்குக் கீழே இரண்டு பட்டன். ஒன்று 'ஆல்', எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கும். மற்றது டிக் போட்டதை மட்டும் இறக்கும். மற்ற நாலு எஸ்டேட்டிலும் மொத்தமாக அழுத்திவிட்டு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள். நம்மவர் என்ன செய்வார் தெரியுமா? இரும்பு அடிக்கோலை எடுத்து மானிட்டர் மேல் வைத்து, ஒரு வரி ஒரு வரியாகக் கீழே இறக்கிப் படிப்பார். படித்ததை ஒரு சிவப்பு நோட்டில் எழுதுவார். இடது பக்கம் வரியின் நம்பர், நடுவில் அது என்ன செய்யும், வலது பக்கம் அது யாரைத் தொடும். நாற்பது வரிக்கு நாலு நாள்.

"அண்ணே, கம்பெனியில கம்ப்யூட்டர் படிச்சவன் பத்துப் பேரு உக்காந்து எழுதி அனுப்பியிருக்கான். நீங்க என்ன பைபிள் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறீங்க?" என்பேன்.

"பதறாத காரியம் சிதறாது, பெட்டி. சபார் லா" என்பார். அந்த 'சபார் லா' இருக்கிறதே, மலாயில் பொறுமையாயிரு என்பது, கேட்டாலே எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போல வரும்.

நியாயமாகச் சொன்னால் அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் கோலாலம்பூர் நெருக்குகிறதே என்று ஒரே ஒரு முறை மொத்தமாக அழுத்தினார். விடுமுறைப் பட்டியலைப் புதிதாக்கும் மாற்றம் ஒன்று அதற்குள் இருந்திருக்கிறது. அது எங்கள் எஸ்டேட் தீபாவளிக்கு ஏற்றி வைத்திருந்த மூன்று நாள் லீவை விழுங்கிவிட்டது. நூற்று அறுபது பேர் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு மட்டம் போட்டதாகக் கம்ப்யூட்டர் காட்டியது. லீவு முடிந்து வந்த அன்றே எச்சரிக்கைக் கடிதம் பிரிண்டாகி வந்தது. லைன் வீட்டு ராசம்மா பாட்டி மருமகளுக்கு வந்த கடிதத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்று, "நீ எண்ணெய் வச்சுக் குளிச்சு பலகாரம் தின்னியே, என் மருமக மட்டும் மட்டம் போட்டாளா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். மனுஷன் முறுக்குத் தட்டோடு உள்ளே போனவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை.

சரி, அடுத்த முறை பொறுக்கி இறக்கினார். அது அதைவிட மோசம். ஏழாவது மாற்றம் ஐந்தாவதன் மேல் உட்கார்ந்திருந்தது. இவர் ஐந்தை விட்டுவிட்டு ஏழை இறக்கிவிட்டார். உர ஸ்டோரில் மலை போல மூட்டை கிடக்க, கம்ப்யூட்டர் மைனஸ் நானூறு மூட்டை என்றது. உரம் வைக்காமல் பன்னிரண்டு நாள் போனது.

"மொத்தமா அழுத்துனா தீபாவளி போவுது, பொறுக்குனா உரம் போவுது. நான் என்னதான் செய்யட்டும்?" என்று என்னிடமே கேட்டார். எனக்கென்ன தெரியும்? தலையெழுத்து என்றேன்.

இப்போது போன அக்டோபருக்கு வருகிறேன். தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோனது. தராசு நிறுக்கும், கம்ப்யூட்டருக்கு அது போய்ச் சேராது. ஒவ்வொரு மூட்டையையும் நான் கையால் எழுதி, சாயங்காலம் உட்கார்ந்து திரும்பத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு எழுநூறு மூட்டை. மூன்றே நாளில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ் ராத்திரி தைலம் தேய்த்துவிட்டு, "இதுக்கு நீ என் காய்கறி லோரிய ஓட்டலாம், கை வலிக்காது" என்று கேலி செய்வார். தராசைச் சரி செய்யும் மாற்றம் அந்த மாதப் பட்டியலில் இருக்கிறது என்று கோலாலம்பூரில் சொன்னார்கள். நாற்பத்து மூன்று மாற்றங்கள். அதில் முப்பத்தொன்றாவது தராசு. எனக்கு மாதாவே இறங்கி வந்த மாதிரி இருந்தது. குணாளன் அடிக்கோலை எடுத்தார்.

மூன்றாம் நாள் முப்பதாவது வரிக்கு வந்தார். அடிக்கோல் அங்கேயே நின்றுவிட்டது.

"பெட்டி, நம்ம ராசம்மா பாட்டிக்கு என்ன வயசு?"

"எம்பத்தொண்ணு இருக்கும். ஏண்ணே?"

"நேத்து அவங்க ஏழு மூட்டை கொழுந்து வெட்டியிருக்காங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வெட்டியது மருமகள் பூவிழி. நம்பர் கைமாறும்போது ராமசாமி கிராணி என்ன செய்தார், பேரை மட்டும் மாற்றினார். ஐசி எனும் அடையாள அட்டை நம்பரும் பிறந்த தேதியும் மாமியாருடையதாகவே கிடந்தன. அதை மாற்றினால் புது ஆள் என்று ஆகும், புது ஆளுக்குக் கோலாலம்பூர் அனுமதி வேண்டும், வீடு கைவிட்டுப் போகும் என்று பயம். குணாளனும் அதே வழியில் போனார். சம்பளமும் சேமநிதியும் கோலாலம்பூரில் தனியாக, சரியான பேரில் நடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது முப்பதாவது மாற்றம் என்ன சொல்கிறது? அறுபது தாண்டிய நம்பர்கள் தானாக மூடப்படும், அந்த நம்பரின் வீடு காலி என்று குறிக்கப்படும். காலி வீடுகளை வெளிநாட்டு ஆட்களுக்குக் கொடுக்க ஏற்கெனவே வரிசை நின்றது.

இப்படி எங்கள் எஸ்டேட்டில் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் வேலையும் வீடும் ஒரே பட்டனில் போகும்.

அந்தப் பதினொன்றாவது ஆள் நான். என் அம்மா மரியபுஷ்பம் அறுபதில் நின்றபோது அவர் நம்பரில்தான் நான் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர்படி எனக்கு வயது எழுபத்தொன்பது. அம்மா செத்து ஆறு வருஷம் ஆகிறது. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பூவிழிக்கு நடந்ததுதானே எனக்கும் நடந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நான் ஆபீஸ்காரி, வெளிக்காட்டில் வெட்டுகிறவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை என்று ஒரு திமிர். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி.

முப்பதை விட்டுவிட்டு முப்பத்தொன்றை மட்டும் இறக்க முடியுமா என்று பார்த்தார். சிவப்பு எழுத்தில் முடியாது என்று வந்தது. முப்பது இல்லாமல் தராசு வராது. கோலாலம்பூருக்குப் போன் போட்டார். உதவி மேசையில் கரேன் என்று ஒரு பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான், பேச்சில் பாதி இங்கிலீஷ்.

"அங்கள், அது ரெண்டும் ஒரே பேக்கேஜ். ஆல் அழுத்துங்க லா. நாலு எஸ்டேட்டும் முடிச்சிட்டாங்க."

"அம்மா, இங்க பதினோரு பேரு வீடு போயிடும்மா."

"அது டேட்டா பிரச்சினை அங்கள், சிஸ்டம் பிரச்சினை இல்ல. டேட்டாவ நீங்க சரி பண்ணணும். இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை அஞ்சு மணி டெட்லைன். அதுக்கு மேல நாங்களே இங்கேருந்து ஃபுல்லா இறக்கிடுவோம்."

போனை வைத்துவிட்டுப் பதினோரு நம்பரையும் சிவப்பு நோட்டில் எழுதினார். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் லைன் லைனாக நடந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஐசி நகல், கையெழுத்து, புது ஆள் விண்ணப்பப் பாரம். வெளிக்காட்டுக்கு ஆள் பற்றாக்குறை என்பதால் கோலாலம்பூர் அந்தப் பாரங்களை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. தினம் காலையில் வந்து நோட்டில் ஒரு டிக், இரண்டு டிக். பூவிழி நன்றி சொல்ல ஒரு டப்பா பாயசம் கொண்டு வந்தாள். எனக்கும் கொடுத்தாள். வீங்கிய கையால் வாங்கிக் குடித்தேன், எரிச்சலோடு.

வியாழக்கிழமை கேட்டேன். "எத்தனை முடிஞ்சுதுண்ணே?"

"பத்து."

"அப்ப ஒண்ணுதானே பாக்கி? அதுக்கும் பாரம் போட வேண்டியதுதானே!"

"அதுக்குப் பாரம் போட முடியாது" என்றார். "அந்தப் போஸ்டுக்குப் புது ஆள் எடுக்கக் கூடாதுன்னு கேஎல்ல நிறுத்தி வச்சிருக்காங்க. பாரம் போட்டா போஸ்டே போயிடும். மேனேஜர் கடிதம் வேணும், இத்தனை வருஷமா இதே ஆள்தான் இருக்காங்கன்னு. அவரு நாளைக்குத்தான் ஊர்லேருந்து வர்றாரு."

"யாரோ ஒரு ஆளுக்காக மூணு வாரமா என் கை ஒடியணுமா? அந்த ஆள் என்ன சுல்தானா? அழுத்திட்டு அப்புறமாப் பாத்துக்குங்க!"

என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமா, பாவமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "சபார் லா, பெட்டி" என்றார். நான் பேனாவைத் தூக்கி மேசையில் எறிந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு மேனேஜர் சுப்பிரமணியம் பங்களாவுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் குணாளன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். லிஸ்ட் திரையில் அப்படியே திறந்திருந்தது. அவர் பாஸ்வர்டே எனக்குத் தெரியும், பூட்டி வைத்து என்ன? அவர் லீவில் போகிற நாட்களில் பெரட்டு ஏற்றுவது நான்தான்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மூன்று லோரி கொழுந்து ஒன்றாக வந்து நின்றது. ஈரக் கொழுந்து, நேரம் போனால் சூடேறிக் கருகும். முன்னால் நின்ற லோரிக்காரன் ரூபன் ஹாரனை விடாமல் அடித்தான்.

"அக்கா, சீக்கிரம் எழுதுக்கா! உள்ளுக்குக் கொழுந்து வேகுது!"

"எனக்கென்ன பத்துக் கையா இருக்கு? இறங்கி வந்து நீ எழுதுடா!"

அறுபதாவது மூட்டையில் பேனா விரலில் நிற்கவில்லை. அப்போது போன் அடித்தது. கரேன்.

"அங்கள் இல்லையாக்கா? உங்க எஸ்டேட் மட்டும்தான் பாக்கி. ஆல் அழுத்துனா பத்தே நிமிஷம்கா. தராசும் சரியாயிடும்."

மணி மூன்று நாற்பது. இன்னும் ஒரு மணி இருபது நிமிஷத்தில் அவர்களே இறக்கத்தான் போகிறார்கள், அந்த ஒரு ஆளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். ஹாரன் சத்தம்தான் மண்டைக்குள் இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மொத்தமாக இறக்கும் பட்டனை அழுத்தினேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரூபன் ஒரு மூட்டையை வைத்தான், எடை தானாகத் திரையில் வந்து விழுந்தது. அடுத்த மூட்டை, அதுவும் விழுந்தது. "அப்பாடா, ஏசப்பா!" என்று வாய்விட்டுக் கத்தினேன். ரூபனும் கைதட்டினான். பிறகு என் மேசைக்கு வந்து, லோரி வந்த நேரத்தைப் பதிய என் நம்பரைத் தட்டினேன். இருநூற்று நாற்பத்தொன்று. ஓய்வு பெற்றவர், நம்பர் மூடப்பட்டது என்று வந்தது. தப்பாகத் தட்டிவிட்டேன் என்று திரும்பத் தட்டினேன். திரும்பவும் அதேதான்.

அப்போதுதான் அவர் மேசையில் கிடந்த சிவப்பு நோட்டை எடுத்தேன். மூன்று வாரமாக என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த நோட்டு. கேலி செய்ததைத் தவிர ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. முப்பதாவது வரி. யாரைத் தொடும் என்ற இடத்தில் பதினோரு நம்பர். பத்துக்குப் பக்கத்தில் டிக். கடைசியில் 241. அதைச் சுற்றிப் பென்சிலால் இரண்டு வட்டம்.

நாலு மணி பத்துக்குக் குணாளன் வந்தார். குடையைப் பிடித்து என்ன பயன், முழுக்க நனைந்திருந்தார். சட்டைக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஒரு காகிதம். மேனேஜர் கையெழுத்தும் சீலும் காயவில்லை. என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தராசைப் பார்த்தார்.

"அழுத்திட்டியா?" என்றார்.

திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். திட்டவில்லை. நான்தான் கத்தினேன். "ஏண்ணே சொல்லல? பத்து வீட்டுக்கு நடந்து போயிச் சொன்னீங்க, எதுத்தாப்புல உக்காந்திருக்கறவகிட்டச் சொல்ல வாய் வரலியா?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? நேரா கேஎல்லுக்குப் போன் போட்டு, என் போஸ்ட எவன்டா எடுக்கறதுன்னு சண்டை பிடிச்சிருப்ப. அவன் அன்னைக்கே மூடியிருப்பான். கடிதம் கையில வர்ற வரைக்கும் உன் வாயத் திறக்க விடக் கூடாதுன்னு நெனச்சேன்." துண்டெடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் வாயப் பத்தித்தான் பயந்தேன். கையப் பத்தி நெனைக்கல."

அவருடைய ஈரக் குடையை எடுத்து மூலையில் விரித்து வைத்தேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

அன்றே கடிதத்தை அனுப்பினார். கோலாலம்பூர் பதில் திங்கட்கிழமை வந்தது. மூடுவதற்கு முன் கடிதம் வந்திருந்தால் பரிசீலித்திருப்பார்களாம், மூடிய போஸ்டைத் திறக்க வழியில்லையாம். கரேனும் போனில் வருத்தப்பட்டாள். "சாரிக்கா, சிஸ்டம் அப்படித்தான் இருக்கு." அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட எனக்கு ஆள் வேண்டும், ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் விரல்தான் முன்னால் நிற்கிறது. குணாளன் மட்டும் விடவில்லை. ஜன்மத்தில் ஈப்போவைத் தாண்டி எங்கும் போகாத மனுஷன், பஸ் ஏறித் தலைமை ஆபீசுக்குப் போய் ஒரு நாள் முழுக்க வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் யாரோ ஒரு அதிகாரி வந்து, உங்கள் எஸ்டேட் இந்த முறைதான் கெடுவுக்குள் எல்லாவற்றையும் இறக்கியிருக்கிறது என்று கைகொடுத்துப் பாராட்டி அனுப்பினாராம். அழுத்தியது அவர் பேரில்தானே பதிவாகியிருக்கிறது.

வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதம் கொடுத்தார்கள். இப்போது திரிங்காப்பில் ஒரு பூப்பண்ணைக் குடியிருப்பில் இருக்கிறோம். நான் செவ்வந்தி கட்டுகிறேன். தராசு நன்றாக வேலை செய்கிறதாம். நிறுக்க ஆளே தேவையில்லையாம், ரூபன் சொன்னான்.

போன வாரம் பட்டியல் வந்த அன்று சாயங்காலம் குணாளன் போன் செய்தார். என் பிள்ளை எப்படிப் படிக்கிறது, மைக்கேல்ராஜுக்கு லோரி ஓடுகிறதா என்று சுற்றி வளைத்துவிட்டு, "ஐம்பத்திரண்டு வந்திருக்கு, பெட்டி. எதுத்த மேசையில யாருமில்ல, தனியா வாசிச்சா தூக்கம் வருது. வாசிக்கட்டுமா?" என்றார்.

பண்ணையில் அன்று நானூறு கட்டுக் கட்டிய கை. வலித்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஒன்றாவதிலிருந்து ஆரம்பித்தார். அடிக்கோல் திரையில் உரசும் சத்தம்கூடக் கேட்டது. பதினாலாவதைப் படித்துவிட்டுப் பதினைந்துக்குப் போனார்.

"அண்ணே, நில்லுங்க" என்றேன். "அந்தப் பதினாலுல யாரு இருக்கா? அதைச் சொல்லிட்டுப் போங்க."